எனக்கு வந்த போன்

என் கடைக் கதவில் ஒரு அட்டை தொங்குகிறது. "காது கேட்காது. தயவுசெய்து போன் செய்ய வேண்டாம். வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பவும்" என்று சிவப்பு மையில் நானே எழுதி மாட்டினேன். கீழே என் நம்பர். மயிலாப்பூரில் மாடவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிற கடை அது. புடவைக்கு ஃபால்ஸ் தைத்து, ஓரம் பீகோ அடித்து, முந்தானைக்குக் குஞ்சம் கட்டிக் கொடுப்பேன். இரண்டு மெஷின் போட்டது போக மூன்றாவது ஆள் நிற்க இடம் கிடையாது. வருகிறவர்கள் அந்த அட்டையைப் படிப்பார்கள். "அச்சோ பாவம்" என்று உதடு அசையும். நம்பரோடு சேர்த்து போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு அதே நம்பருக்குப் போன் செய்வார்கள்.

போன் செய்யாதவர்கள் குரலைப் பதிவுசெய்து அனுப்புவார்கள். எழுத அவ்வளவு சோம்பல். ஒரு பள்ளிக்கூட டீச்சரம்மா, படித்தவர், ஒன்றரை நிமிஷத்துக்குப் பேசி அனுப்பியிருந்தார். "எனக்குக் காது கேட்காது, எழுதுங்கள்" என்று பதில் போட்டேன். உடனே இன்னொரு குரல் வந்தது, நாற்பது நொடி. மன்னிப்புக் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். அதையும் வாயாலேயே கேட்டிருந்தார்.

பார்சல் கொண்டுவருகிறவர்கள் இன்னொரு ரகம். சந்து முனையில் நின்றுகொண்டு போன் அடித்துக்கொண்டே இருப்பார்கள். பத்தடி நடந்தால் கடை. நடக்க மாட்டார்கள். கடைசியில் பக்கத்து அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் அந்த ஆளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவார். "இன்னாக்கா, அவரு எவ்ளோ தபா போன் பண்றாரு, போன் அடிச்சிக்கினே கீது, எடுக்க மாட்டியா?" என்பார். என் காதைக் காட்டுவேன். "ஆமா இல்ல, மறந்து பூட்டேன்" என்று தலையில் தட்டிக்கொள்வார். மூன்று வருஷமாக மறந்துகொண்டே இருக்கிறார், நல்ல மனுஷன்.

நான் பிறவியிலேயே கேட்காதவள் இல்லை. இருபத்தெட்டு வயது வரை எல்லோரையும் போலத்தான் கேட்டது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. நரம்பு என்றார்கள். இரண்டு காதிலும் மெஷின் வைத்திருக்கிறேன். எதிரில் இருப்பவர் முகம் தெரிந்தால், ஃபேன் சத்தம் இல்லாமல் இருந்தால், உதட்டையும் பார்த்து, மெஷினையும் நம்பி, மிச்சத்தை ஊகித்து ஓட்டிவிடுவேன். பேச்சு மட்டும் இன்றைக்கும் தெளிவாக வரும். என் சங்கடமே அதுதான். நன்றாகப் பேசுகிற ஒருத்திக்குக் காது கேட்காது என்று யாரும் நம்புவதில்லை. வேண்டாதவர்களிடம் பேசாமல் இருக்க நான் போடுகிற வேஷம் என்றுகூட ஒரு சொந்தக்காரி சொல்லியிருக்கிறாள்.

போனில் முகம் கிடையாது. அதனால் எனக்குப் போன் என்பது நடுங்கி நடுங்கி ஓய்கிற ஒரு கட்டி. தையல் மெஷின் மேஜை மேல் வைத்திருந்தால் ஊசிப் பெட்டியோடு சேர்ந்து நகரும்.

வழி இல்லாமல் இல்லை, எல்லாம் வந்துவிட்டது என்று சொல்வார்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். பேசப் பேச எழுத்தாகக் காட்டுகிற வசதியை என் பெண் போனில் போட்டுக் கொடுத்தாள். இங்கிலீஷில் செய்தி வாசிக்கிறவர்களுக்கு அது அழகாக எழுதுகிறது. என் வாடிக்கையாளர்கள் யாரும் அப்படி வாசிப்பதில்லையே. பஸ் சத்தத்துக்கு நடுவே, வாயில் வெற்றிலையோடு, பாதி தமிழும் பாதி இங்கிலீஷுமாகப் பேசினால் "ஹலோ" ஒன்றுதான் சரியாக விழும். மற்றதெல்லாம் தமிழ் எழுத்தில் வரும், தமிழாக வராது.

வீடியோ கால் இருக்கிறதே என்பார்கள். என் வீட்டுக்காரர் வடபழனியில் ஒரு சினிமா கம்பெனிக்கு யூனிட் வேன் ஓட்டுகிறார். அவுட்டோர் படப்பிடிப்புக்குக் கிளம்பினால் வர மூன்று வாரம் ஆகும். அங்கிருந்து வீடியோவில் கூப்பிடுவார். முதல் வார்த்தை பேசும்போது முகம் தெரியும். இரண்டாவது வார்த்தைக்குப் பழக்க தோஷத்தில் போனைக் காதில் வைத்துக்கொள்வார். அப்புறம் திரை முழுக்க அவருடைய காதுதான். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் என் புருஷனின் காதை நான் பார்த்த அளவுக்கு உலகத்தில் எந்தப் பெண்டாட்டியும் பார்த்திருக்க மாட்டாள்.

வெளிநாட்டில் சில இடங்களில் இதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்கள் என்று படித்தேன். நடுவில் ஒருவர் உட்கார்ந்து, அந்தப் பக்கம் பேசுவதை எழுதி இந்தப் பக்கம் அனுப்புவாராம். சம்பளத்துக்கு வேலை. கேட்டதை ஒரு எழுத்து விடாமல் எழுத வேண்டும், வெளியில் மூச்சு விடக் கூடாது என்று விதி. படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டேன். அப்படி ஒன்று என் கைக்கு எட்டிய தூரத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. என் வீட்டில் அந்த நடு ஆள் என் பெண்தான்.

எட்டு வயதில் ஆரம்பித்தாள். முதல் போன் கேஸ் சிலிண்டருக்கு. "எங்கம்மாவுக்குக் காது கேக்காது, நான் பேசறேன்" என்றாள். "சரி பாப்பா, போனை அம்மாகிட்ட குடு" என்றார்களாம். "இல்ல, அம்மாவுக்குக் கேக்காது." "பரவால்ல பாப்பா, நீ அம்மாகிட்ட குடு." இப்படியே மூன்று நாள். அதன் பிறகு போன் கம்பெனி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூட வேன், எங்கே பேசினாலும் அதே பல்லவி: யார் பெயரில் இருக்கிறதோ அவரேதான் பேச வேண்டும். ஒருநாள் அவளே தொண்டையை இறக்கி, வார்த்தையை நிறுத்தி நிறுத்தி, "நான்தான் பேசறேன், சொல்லுங்க" என்றாள். வேலை அன்றே முடிந்தது. அவள் வாயசைவைப் பார்த்து எனக்கும் வீட்டுக்காரருக்கும் அப்படி ஒரு சிரிப்பு. என்னை மாதிரியே கழுத்தைக்கூடச் சாய்த்துக்கொண்டு பேசினாள்.

அதுவே எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. யார் கேட்டாலும் அவள்தான் நான். என் பிறந்த தேதி, என் அப்பா பெயர், என் ஆதார் நம்பர் எல்லாம் அவளுக்குத் தலைகீழாகச் சொல்ல வரும். பரீட்சைக்குத் தன் ரோல் நம்பரை மறந்துவிட்டுப் போனவள், என் ஆதார் நம்பரை மறந்ததில்லை. எனக்கு அதில் பெருமைகூட இருந்தது. சொல்லிக்கொள்ள இப்போது வெட்கமாக இருக்கிறது.

எங்களுக்குள் சண்டை வந்தால் ஒன்றே ஒன்றுக்குத்தான் வரும். சின்ன வயதில் கேட்டதை அப்படியே ஒப்பிப்பாள். அந்தப் பக்கம் இருமினால், "இருமறாங்கம்மா" என்பாள். வளர வளரச் சுருக்க ஆரம்பித்தாள். என் நாத்தனார் முக்கால் மணி நேரம் பேசியிருப்பாள். இவள் போனை வைத்துவிட்டு, "நல்லா இருக்காங்களாம்" என்பாள். முக்கால் மணி நேரமும் நல்லாவா இருந்தாள்? கேட்டால், "ஐயோ ம்மா, முக்கியமானது எதுவும் இல்லம்மா" என்பாள். எது முக்கியம் என்று நீ யார் முடிவு செய்ய? எனக்கு வந்த போன், அதில் வந்த வம்பும் எனக்கு வேண்டும். எத்தனை முறை கத்தியிருப்பேன். வீட்டில் இருக்கிற எல்லோரும் ஒரு சினிமாவை முழுசாகப் பார்த்துவிட்டு என்னிடம் கதைச்சுருக்கம் சொல்வார்கள். அந்தக் கோபம் உங்களுக்கு வந்து பார்த்தால்தான் தெரியும்.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்த ஆடி மாதம் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது.

பட்டாணி அளவு. வலி இல்லை. வலி இல்லாததுதான் பயம் என்று எங்கோ படித்திருந்தேன். வீட்டுக்காரர் பொள்ளாச்சிப் பக்கம் அவுட்டோரில் இருந்தார். வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று பெண்ணை மட்டும் கூட்டிக்கொண்டு தி.நகரில் ஒரு பின் தெருவில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெரிய இடமும் இல்லை, சின்ன இடமும் இல்லை. பாரத்தில் போன் நம்பருக்கு ஒரு கட்டம் இருந்தது. என் நம்பரை எழுதி, பக்கத்தில் "காது கேட்காது, மெசேஜ் மட்டும்" என்று கட்டத்துக்கு வெளியே வரை எழுதினேன். அடியில் கோடும் போட்டேன். கட்டம் அவ்வளவு சின்னது.

ஊசி போட்டுச் சதை எடுத்த சின்ன டாக்டர் முகக்கவசத்தோடு பேசினாள். கழற்றச் சொல்லிக் கேட்டேன். கழற்றி ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள். மிச்சத்தை என் பெண் எனக்கு உதட்டால் சொன்னாள். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். பெரிய டாக்டரம்மா பார்த்துவிட்டு அவரே போனில் சொல்வார், எப்போது வர வேண்டும் என்றும் அவரே சொல்வார். அதற்கு முன்னால் ரிப்போர்ட்டைக் கையில் தர மாட்டார்கள்.

"போனில் வேண்டாம், மெசேஜில் சொல்லச் சொல்லு" என்று பெண்ணிடம் சொன்னேன். சின்ன டாக்டர் தலையை ஆட்டினாள். தலையை ஆட்டினால் புரிந்தது என்று அர்த்தமில்லை, நானே தினமும் இருபது தடவை புரியாமல் ஆட்டுகிறேன். இருந்தும் நம்பினேன்.

புதன்கிழமை ஒரு போன் வந்தது. தி.நகர் நம்பர். மேஜை மேல் நடுங்கியது. எடுத்து, "எனக்குக் காது கேட்காது, மெசேஜ் அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு வைத்தேன். மெசேஜ் வரவில்லை. வியாழக்கிழமை மூன்று முறை வந்தது. இரண்டாவது முறை எழுத்தாகக் காட்டும் வசதியைப் போட்டு எடுத்தேன். திரையில் "ஹலோ" என்று வந்தது. அப்புறம் "ஹலோ ஹலோ" என்று வந்தது. அப்புறம் என்னென்னவோ வந்தது, அதில் "கல்யாணம்" என்று ஒரு வார்த்தை இருந்தது. யாருக்குக் கல்யாணம்? எனக்கு என்ன நோய் என்றே தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். போனைத் தையல் மெஷினில் விட்டு நசுக்கிவிடலாம் போல இருந்தது.

அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரியிலிருந்து மெசேஜே வரவில்லை என்று சொன்னால் பொய். ஒன்று வந்தது. முழு உடல் பரிசோதனைக்கு ஆடிச் சலுகை, குடும்பத்தோடு வாருங்கள் என்று. அதை மட்டும் எழுத்தில் அனுப்பத் தெரிந்திருக்கிறது.

கடையைப் பாதியில் சாத்திவிட்டு நேராகப் போனேன். பாண்டி பஜாரில் ஆடித் தள்ளுபடிக் கூட்டத்துக்குள் ஆட்டோ ஊர்ந்தது. வரவேற்பு மேஜைப் பெண் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். எழுதிக் காட்டுங்கள் என்று ஒரு துண்டுச் சீட்டை நீட்டினேன். சலித்துக்கொண்டே எழுதினாள். "இன்னைக்கே மூணு தடவை கூப்பிட்டோம், நீங்க பேசலை."

"காது கேட்காதவள் எப்படிப் பேசுவேன்? பாரத்தில் எழுதியிருக்கிறேன், பாருங்கள்" என்றேன். என் குரல் எவ்வளவு உயர்ந்தது என்று எனக்குத் தெரியாது. வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பியதை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

"சிஸ்டத்துல நம்பர் மட்டும்தான் ஏறும்" என்று எழுதினாள். "டாக்டர் போன்லதான் சொல்வாங்க. வேற நம்பர் குடுங்க."

"என் பெண் நம்பர் தருகிறேன். அவளிடம் சொல்வார்களா?"

"பேஷண்ட்கிட்ட மட்டும்தான் சொல்வாங்க. ரூல்ஸ்."

சீட்டில் அந்த இரண்டு வரிகளும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன. வேறு நம்பர் வேண்டும், ஆனால் வேறு ஆளிடம் சொல்ல மாட்டார்கள். நான் அவற்றை அவளுக்கே திருப்பிக் காட்டினேன். படித்தாள். அவளுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. பின்னால் இருந்தவர் என் தோளைத் தட்டினார், நகரச் சொல்லி. நான் என் பெண்ணின் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவள் நம்பர் என்று எழுதவில்லை. என்னுடைய இன்னொரு நம்பர் என்று எழுதினேன்.

ஆட்டோவில் வரும்போதே பெண்ணுக்கு மெசேஜ் போட்டேன். "ஆஸ்பத்திரியிலிருந்து உனக்குப் போன் வரும். நான்தான் என்று சொல்லிவிடு. எல்லாவற்றையும் கேட்டு, ஒன்று விடாமல் அப்படியே சொல்ல வேண்டும். சுருக்கினால் கொன்றுவிடுவேன்." கட்டை விரல் படம் ஒன்று அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காலேஜிலிருந்து வந்தாள். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் தாமதம். கண் சிவந்திருந்தது. பஸ்ஸில் ஜன்னல் சீட், தூசி என்றாள். முகம் பார்த்து உயிர் வாழ்கிறவள் நான். அந்த முகத்தைப் பார்த்தேன், தூசி என்றதும் சரி என்று விட்டுவிட்டேன். எனக்கு என் ரிப்போர்ட்தான் பெரிதாக இருந்தது.

"போன் வந்ததா?"

"வந்துச்சும்மா. திங்கக்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொன்னாங்க."

"ரிப்போர்ட்?"

"நேர்ல சொல்றாங்களாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்ளோதான்ம்மா."

அவள் போனைப் பிடுங்கிப் பார்த்தேன். தி.நகர் நம்பர். பதினோரு நிமிஷம் என்று இருந்தது. பதினோரு நிமிஷம் பேசிவிட்டு, திங்கட்கிழமை வா என்று ஒரே வரியா? எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம். மூன்று நாள் ஆத்திரம், கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள் மேல் காட்ட முடியாதது, சிஸ்டத்தின் மேல் காட்ட முடியாதது, எல்லாம் இவள் மேல் வந்து விழுந்தது. "என் உடம்பு, என் ரிப்போர்ட், அதில்கூட உனக்குச் சுருக்கமா? சொல்லு, என்ன பேசினார்கள்?" என்று தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"லைன்ல வெயிட் பண்ண வச்சாங்கம்மா. பாட்டு ஓடிட்டே இருந்துது" என்றாள். அப்புறம் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாயைத் திறந்துவிட்டாளா, உள்ளே அழுதாளா, எனக்கு எப்படித் தெரியும்? கதவுக்கு அந்தப் பக்கம் நடப்பது எதுவும் எனக்குக் கிடையாது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் அவளோடு பேசவில்லை. வேண்டுமென்றேதான். உனக்கும் பேச்சு கிடைக்காமல் இருந்தால் எப்படி இருக்கிறது என்று பார் என்று ஒரு வீம்பு. அவள் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். ஊசிக்கு நூல் கோத்துக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை என் தட்டில் கூடுதலாக ஒரு தோசையைப் போட்டாள். ராத்திரி தன் கட்டிலை விட்டுவிட்டு என் பாயில் வந்து படுத்தாள். நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை பெரிய டாக்டரம்மா அறைக்குள் போனோம். அவரை நான் பார்ப்பது அதுதான் முதல் முறை. ஐம்பது வயதிருக்கும். முகக்கவசம் இல்லை. உதடு தெளிவாக அசைந்தது. நல்ல அம்மா என்று நினைத்துக்கொண்டேன்.

"வாங்க. எப்படி இருக்கீங்க? வெள்ளிக்கிழமை போன்லயே எல்லாம் விவரமா சொல்லிட்டேன். ஆபரேஷன் தேதி இன்னைக்கு முடிவு பண்ணிடலாம்" என்றார்.

ஆபரேஷன் என்ற வார்த்தையை நான் தப்பாகப் படித்துவிட்டேன் என்று நினைத்து, மறுபடி சொல்லுங்கள் என்றேன்.

அவர் புரியாமல் என்னைப் பார்த்தார். "அன்னைக்கு அவ்ளோ தைரியமா பேசினீங்களே. நான்கூட நர்ஸ்கிட்ட சொன்னேன். நிறைய பேர் போன்லயே உடைஞ்சு போயிடுவாங்க. நீங்க ஒவ்வொண்ணா கேள்வி கேட்டு எழுதிக்கிட்டீங்க."

"டாக்டர், எனக்குக் காது கேட்காது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். என் பக்கத்தில் இருந்த பெண்ணைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பையின் வாரை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா மேஜைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து, என் முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு காகிதத்தை எடுத்து, சொல்லச் சொல்ல எழுதியும் காட்டினார். கேன்சர்தான். ஆரம்பத்திலேயே பார்த்தாகிவிட்டது. முதலில் ஆபரேஷன், பிறகு மருந்து. பிழைத்துக்கொள்வீர்கள், ஆனால் ஒரு வருஷம் கஷ்டம். ஐந்து நாளாக நான் யார் காலிலாவது விழுந்து கேட்கத் தயாராக இருந்த சேதி. எழுத்தில், முகத்துக்கு நேராக, ஒன்றும் சுருக்காமல் வந்தது. அதைப் படித்துக்கொண்டிருந்தேன், ஆனால் என் கண் அதில் இல்லை. பதினோரு நிமிஷம் என்ற எண்தான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே வந்தோம். ஆஸ்பத்திரி எதிரில் ஒரு ஜூஸ் கடை. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது, உட்கார்ந்தோம். அவளுக்கு ஒரு சாத்துக்குடி ஜூஸ் சொன்னேன். அவள் குடிக்கவில்லை. பத்தொன்பது வயது. கழுத்தை என்னைப் போலச் சாய்த்து வைத்திருந்தாள்.

"போன் வந்தபோது எங்கே இருந்தாய்?" என்று கேட்டேன்.

அவள் என் பக்கம் முழுசாகத் திரும்பினாள். என்னிடம் எதைச் சொன்னாலும் முதலில் முகத்தைக் காட்டுவது அவளுக்கு எட்டு வயதிலிருந்து வந்த பழக்கம். "அடையாறு டிப்போ வாசல்லம்மா. பஸ்ஸுக்கு நின்னுட்டு இருந்தேன்."

"கூட யார்?"

"யாரும் இல்ல. ஃப்ரெண்ட்ஸ்லாம் முன்னாடி பஸ்ல போயிட்டாங்க."

அந்த இடம் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கே ஒரு காதைப் பொத்திக்கொண்டால்தான் இன்னொரு காதில் ஏதாவது விழும் என்று காது கேட்கிறவர்களே சொல்வார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு இவள் நின்றிருக்கிறாள். "உங்களுக்கு" என்றுதான் டாக்டர் சொல்லியிருப்பார். "உங்களுக்கு வந்திருக்கிறது" என்று இவளிடம்.

"முதலிலிருந்து சொல்லு. அவர் என்ன சொன்னார், நீ என்ன சொன்னாய். அப்படியே" என்றேன். கேட்கும்போதே என் குரல் கெஞ்சியது. கோபமாகக் கேட்கத்தான் இத்தனை வருஷம் பழகியிருந்தேன்.

"நீங்கதானா பேசறீங்கன்னு கேட்டாங்க. ஆமான்னேன். பொறந்த தேதி கேட்டாங்க. சொன்னேன்."

"அப்புறம்?"

"எங்கயாவது உக்காந்துக்கோங்கன்னாங்க. உக்கார எடமே இல்லம்மா. உக்காந்துட்டேன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

அவள் உதடு நடுங்கியது. நடுங்கும் உதட்டைப் படிப்பது கஷ்டம். அது அவளுக்கும் தெரியும். வாயை ஒருமுறை இறுக்க மூடி, நடுக்கம் நிற்கும் வரை பொறுத்து, எனக்காக மெதுவாகச் சொன்னாள்.

"பக்கத்துல யாராவது இருக்காங்களான்னு கேட்டாங்க. என் பொண்ணு என்கூடதான் இருக்கான்னு சொன்னேன்ம்மா."